அந்தோனியாருக்கு நேர்ந்த முதற்குஞ்சு

விடியற்பூசை முடிந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டை இன்னும் எடுக்காமல், சாக்குப் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு புனிதமக்கா ஐஸ்வாடி வாசலில் நிற்பார். "ஒரு துண்டு தா பிள்ளை. பெரிசாப் பாத்து."

றஞ்சனி அந்த வாடியைத் திறந்த புதிதில் அவளிடம் ஐஸ் வாங்க வந்த ஒரே ஆள் இவர்தான். அளம்பில் கரையில் வள்ளக்காரர் எல்லோரும் வானில் ஐஸ் கொண்டுவருகிற பழைய ஆட்களிடமே வாங்கிப் பழகியிருந்தார்கள். புதிதாகக் குடிவந்தவளின் வாசலில் ஏறக் கூச்சம். மரத்தூளுக்குள் புதைத்து வைத்த ஐஸ்கட்டிகள் உருகி, வாய்க்காலாகி, மணலுக்குள் போய்க்கொண்டிருந்தன. றஞ்சனி கதவோரம் குந்தியிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்போதுதான் இந்தச் சாக்குப் பை வரும். ஒரு நாளும் தவறாது.

"அக்கா மீன் விக்கிறியளோ?"

"இல்லைப் பிள்ளை, கிழிஞ்ச வலை பொத்துறனான்."

"அப்ப ஐஸ் என்னத்துக்கு?"

"வெக்கையாக் கிடக்கெல்லே."

மெல்ல மெல்ல வள்ளக்காரரும் வரத் தொடங்கினார்கள். புனிதம் வாங்குகிற ஐஸ் நல்ல ஐஸாகத்தான் இருக்கும் என்று அவர்கள் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்களாம். ஒருநாள் றஞ்சனி அந்த ஒழுங்கையால் வந்தபோது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். காலையில் அவள் உடைத்துக் கொடுத்த கட்டி முருங்கையின் கீழே சாக்கோடு கிடந்து உருகிக்கொண்டிருந்தது. அந்த ஈரச் சாக்கின்மேல் இரண்டு கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு, இராசாத்திகள் மாதிரிப் படுத்திருந்தன. அந்த வீட்டில் ஐஸுக்கு வேறு ஒரு வேலையும் இல்லை. றஞ்சனி கூப்பிடாமலே திரும்பி நடந்தாள். அதைப்பற்றி அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

உண்மையாகவே ஐஸ் தேவைப்படுகிற சீவன் அந்த வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

புனிதமக்காவுக்கு ஒரே மகன், டினோஜன். வவுனியாவில் வளர்ப்பு மீன் விற்கிற கடையொன்றில் வேலை செய்தவன். கட்டார் நாட்டுக்கு வேலைக்குப் போகுமுன், வெளிவெக்கை உள்ளே ஏறாத ஒரு றெஜிபோம் பெட்டியைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து தாயின் குசினியில் இறக்கினான். உள்ளே இரண்டு உருப்படி. மீனுமில்லை, பல்லியுமில்லை. ஒரு சாண் நீளம், நாலு கால், தட்டையான வால். கழுத்தின் இரண்டு பக்கமும் மூன்று மூன்று சிவப்பு இறகுகள் தண்ணீருக்குள் ஆடிக்கொண்டிருக்கும். அந்த இறகால்தான் அது மூச்சு வாங்குகிறது. வாய் அகன்று, எதையோ நினைத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும். தவளைக்குச் சொந்தம்தான், ஆனால் தவளையைப் போல வளர்ந்து கரையேறாது. சாகும்வரைக்கும் தண்ணீருக்குள்ளே குஞ்சு முகத்தோடுதான் கிடக்கும். டினோஜன் சொல்லிக்கொடுத்த பெயர் அக்சலோட்டில். தாயின் வாயில் அது அச்சலோட்டி ஆகிவிட்டது. வெள்ளை நிறத்தது ஆண், கறுத்தது பெண். வெள்ளையன், கறுப்பி.

"அம்மா, இதுகளுக்குக் குளிர் வேணும். எங்கட வெக்கை கொண்டுபோடும்" என்றான் மகன்.

"நீ போற ஊரில வெக்கையில்லையோ?"

"இஞ்சத்தையான் வெக்கையெல்லாம் அங்க குளிராம்."

"அப்ப உன்னை ஆர் ஐஸில வச்சுப் பாக்கிறது?" என்று கேட்டுவிட்டு, பெட்டியைத் திறந்து கறுப்பியின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாராம்.

குளிர் வைக்கிற முறையைப் புனிதமக்கா தானாகத்தான் கண்டுபிடித்தார். கண்ணாடித் தொட்டி வேண்டாம் என்று விட்டுவிட்டு, அகலவாய் மண்சாடிகள் வாங்கினார். சாடியைச் சுற்றி ஈரச்சாக்கு. சாடி நிற்பது குசினியில் அடுப்புக்கு எட்டத்தில், வெயில் படாத மூலை. றஞ்சனி ஒருநாள் உதவிக்குப் போனவள், மீன் பெட்டிக்குப் போடுகிற பழக்கத்தில் ஐஸை நொறுக்கி இரண்டு கை அள்ளிச் சாடிக்குள்ளேயே போட்டுவிட்டாள். கரையில் பிறந்த எவருக்கும் கை அப்படித்தான் போகும். கொஞ்ச நேரத்தில் வெள்ளையனின் இறகுகள் சுருண்டு, அவன் ஒரு பக்கமாகச் சரிந்தான்.

"ஐயோ பிள்ளை, அது செத்ததுக்குப் போடுற ஐஸ்!" என்று புனிதமக்கா பதறி, அவனை இரண்டு கையாலும் ஏந்தி வேறு சாடிக்கு மாற்றினார். ஐஸ் அடிக்கிற தண்ணீருக்குள் குளோரின் கலந்திருக்கும். மீன் பழுதாகாது, ஆனால் உயிரோடிருப்பதற்கு ஆகாது. அன்றிலிருந்து ஐஸை நொறுக்கிச் சோடாப் போத்தலுக்குள் அடைத்து, மூடியை இறுக்கி, போத்தலைத்தான் தண்ணீரில் மிதக்கவிடுவது. உருக உருக மாற்ற வேண்டும். வலை பொத்திக்கொண்டிருக்கிற கை இடையில் நின்று, குசினிக்குப் போய் ஒரு போத்தலைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரும்.

அவருடைய சாமான்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஊரில் யார் வீட்டில் யோகட் தின்றாலும் கோப்பை இவருக்கு வந்து சேர வேண்டும். குழந்தைகளுக்கு மருந்து விடுகிற சொட்டுக் குழாய் இரண்டு. பூசைக்குப் போகிற வெள்ளைச் சேலையில் கிழித்த ஒரு துண்டு, குளத்துத் தண்ணீரை வடிக்க. வீடுகளில் நுளம்புக் குடம்பி தேடுகிற சுகாதார உத்தியோகத்தர் ஊருக்குள் வருகிறார் என்று கேள்விப்பட்டால் எல்லோரும் பீப்பாவைக் கவிழ்த்துக் கழுவ ஓடுவார்கள். புனிதமக்கா அச்சலோட்டிகளுக்கு இரை தேடி, ஒரு சின்ன வாளியோடு அவர்களுக்கு முன்னால் ஓடுவார்.

"பிள்ளையள், உங்கட பீப்பாவில குடம்பி கிடக்கோ?"

"சீச்சீ, எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லையக்கா!"

"இல்லாட்டி நல்லது. கிடந்தால் ஊத்திப்போடாதேங்கோ. நான் ஒருத்தரிட்டையும் சொல்லமாட்டன்."

கொஞ்ச நேரம் கழித்து, வேலியால் ஒரு கை வந்து வாளிக்குள் எதையோ ஊற்றிவிட்டு மறையும்.

கறுப்பி முட்டை விடுகிற விதத்தை றஞ்சனி ஒருமுறை முழுக்கப் பார்த்திருக்கிறாள். சாடிக்குள் போட்ட காய்ந்த பூவரசம் குச்சிகளைப் பின்னங்காலால் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல் ஒட்டிக்கொண்டு போகும். பளிங்கு உருண்டைக்குள் ஒரு கறுத்தப் பொட்டு. சாடி நிறைந்துவிடும். பிறகு தாயையும் தகப்பனையும் உடனே பிரித்துவிட வேண்டும். விட்டால் இரண்டும் சேர்ந்து முட்டையைத் தின்றுவிடும். வெள்ளையாகிப் பஞ்சு பூத்த முட்டை செத்தது. அதை அன்றன்றே சொட்டுக் குழாயால் எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் தொற்றும். வலை ஊசி பிடித்த விரல்கள் அந்த வேலைக்கு நல்லாய்ப் பழகிக்கொண்டன. பொட்டு நாளாக நாளாக நீண்டு, பயற்றம் விதை மாதிரி வளையும். பிறகு உருண்டைக்குள் ஒரு துடிப்பு. பொரித்து வெளியே வந்தவுடன் குஞ்சு இரண்டு நாளைக்கு ஒன்றும் தின்னாது. பிறகு அசைகிற இரை எதுவென்றாலும் கவ்வும். பக்கத்தில் கிடக்கிற தம்பியின் காலையும் கவ்வும். அதனால்தான் யோகட் கோப்பை, ஆளுக்கொன்றாக.

அப்படிக் கவ்விப் போன கால் திரும்ப முளைத்துவிடும். வவுனியாக் கடைக்காரர்கள் அதைச் சொல்லித்தான் விற்பார்களாம். புனிதமக்கா அந்தக் கதையை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. றஞ்சனிக்கே டினோஜன் சொல்லித்தான் தெரியும். சந்தியில், கோயிலில், ஒழுங்கையில் ஊன்றுகோலோடு யார் யார் எதிரில் வருவார்கள் என்று அவருக்குத் தெரியும். கேட்டவர்களுக்கு, "சாப்பிடும், நித்திரை கொள்ளும், வேறென்ன" என்பதோடு முடித்துவிடுவார்.

முதல் இரண்டு தரமும் முட்டைகள் தப்பவில்லை. மூன்றாந் தரம் கறுப்பி முட்டை விட்டது குருத்தோலை ஞாயிறன்று.

"அம்மா, கறுப்பிக்கு வயது போட்டுது. இதுதான் கடைசியா இருக்கும்" என்று மகன் தொலைபேசியில் சொன்னான். "எல்லாத்தையும் வச்சு மாயாதேங்கோ. நல்லதாக் கொஞ்சம் எடுத்துப்போட்டு மிச்சத்தை எறியுங்கோ."

"எறியிறதோ? நீயும் உப்பிடி ஒரு பொட்டாத்தான்ரா கிடந்தனி."

திங்கள், செவ்வாய், புதன் எல்லாம் ஒழுங்காகப் போயின. பெரிய வியாழன் காலை ஐஸ்வாடிக்கு வந்தபோதுதான் இரண்டு பேருக்கும் பொறி தட்டியது. வியாழன் பின்னேரம் தொடங்கி உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் அந்தக் கரையில் ஒரு வள்ளமும் இறங்காது. பிறந்த நாள் முதல் இருவருக்கும் தெரிந்த சங்கதி. வள்ளம் இறங்காவிட்டால் மீன் இல்லை. மீன் இல்லாவிட்டால் ஐஸ் லொறி வராது. அந்தக் கடைசிக் கண்ணியை மட்டும் இருவரும் யோசித்துப் பார்க்கவில்லை.

"அடியில கிடக்கிறதெல்லாம் எடுங்கோ அக்கா" என்று றஞ்சனி மரத்தூளைக் கையால் கிளறிக் கிளறி, ஒட்டிக்கிடந்த துண்டுகளையெல்லாம் சாக்குக்குள் போட்டாள். அது வியாழனோடு முடிந்தது.

பெரிய வெள்ளி காற்றே இல்லை. பனையோலை அசையவில்லை. புனிதமக்கா ஒருசந்தி; ஒரு வாய்க் கஞ்சியும் குடிக்கவில்லை. சிலுவைப்பாதையில் ஒரு தலத்துக்கும் மறு தலத்துக்கும் இடையில் பாட்டு இழுத்துப் பாடுகிற நேரத்தில் அவரைக் காணோம். அடுத்த தலத்தில் முழந்தாளிடும்போது திரும்ப வந்திருப்பார், சேலைக் கரை நனைந்து, மூச்சு வாங்கியபடி. சாக்கை நனைத்துவிட்டு வருகிறார் என்பது றஞ்சனிக்கு மட்டும் தெரியும். சிலுவை முத்தி செய்யப் போனவர், திரும்பி வருகிற வழியில், குழந்தை யேசுவைக் கையில் ஏந்திய அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நின்றார். தவக்காலம் என்பதால் சுரூபம் உச்சி முதல் அடிவரை ஊதாத் துணியால் மூடிக் கட்டியிருந்தது. அந்தத் துணியைப் பார்த்துத்தான் வாய்க்குள் ஏதோ சொன்னார்.

"என்னக்கா கேட்டனீங்கள்?" என்று வெளியே வந்து றஞ்சனி கேட்டாள்.

"இதுகள் தப்பினால் முதல் பொரிக்கிற குஞ்சு அவருக்கெண்டு சொன்னனான்."

அந்தக் கரையில் எல்லோரும் செய்கிற நேர்த்திதான். முதல் வலைப்பாட்டில் பட்ட மீன், முதல் தேங்காய்க் குலை, முதற் கிடாய். புனிதமக்கா பழக்கத்தில் வாய் போன பக்கமாகச் சொல்லிவிட்டார், றஞ்சனியின் கை ஐஸ் போட்ட மாதிரி.

ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு இருவரும் குசினியில் குந்தி, சாடிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். பாதிக்கு மேல் பஞ்சு பூத்திருந்தது. மற்றப் பாதிக்குள் பொட்டுகள் வளைந்திருந்தன. புனிதமக்கா சொட்டுக் குழாயை எடுத்துச் செத்தவற்றை ஒதுக்கத் தொடங்கினார்.

முதலில் பொரித்தது வெள்ளையில் பொன் பூசினது போல ஒரு குஞ்சு. சோற்றுப் பருக்கை அளவில் இருக்கும்போதே அதைத் தனி ஜாம் போத்தலில் விட்டு, போத்தலின் கழுத்தில் ஒரு சிவப்பு நூல் கட்டினார். மற்றவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வளர, இது ஒருவரோடும் சோலி இல்லாமல் வளர்ந்தது. முன்னங்கால் வந்தது, பின்னங்கால் வந்தது. புனிதமக்காவின் நிழல் விழுந்தால் கண்ணாடியோரம் வந்து நிற்கும். அதற்குப் பெயர் வைக்கவில்லை. "அது அந்தோனியாரின்ர சாமான். நான் பேர் வைக்கேலாது" என்றார். ஆனால் காலையில் அதற்குத்தான் முதல் இரை.

ஆனி மாத அந்தோனியார் திருநாள் கிட்டக் கிட்ட, றஞ்சனி பொறுக்காமல் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"அக்கா, நேத்திச் சாமானை ஏலத்தில விடுவினமெல்லே? போன வருசம் அந்தக் கிடாயை எடுத்தவை என்ன செய்தவை?"

"கிடாயைத் தின்னலாம். இதை ஆர் தின்னுறது?"

"தின்னமாட்டினம். கொண்டுபோய் வெயில்ல வைப்பினம்."

புனிதமக்காவின் கையிலிருந்த சொட்டுக் குழாய் நின்றது. அதுவரை அவர் அதை யோசிக்கவேயில்லை. கொடுக்கிறது என்றால் அந்தோனியாருக்குக் கொடுக்கிறது, அவ்வளவுதான் அவருடைய மனதில் இருந்தது. அந்தோனியாருக்குப் பிறகு அது யாருடைய கைக்குப் போகும் என்பது இல்லை.

"நான் எடுக்கிறன்" என்றாள் றஞ்சனி. "என்னட்டை ஐஸ் கிடக்கு."

"வேண்டாம். நீ கேட்டால் நான் கேட்ட மாதிரித்தான். குடுத்த கை திரும்பத் தொடக்கூடாது. அம்மா காலத்திலயிருந்து அதுதான் முறை."

"அப்ப சின்னதாப் பாத்து வேற ஒண்டைக் குடுங்கோ. எல்லாம் ஒரே மாதிரித்தானே கிடக்கு. அந்தோனியாருக்குத் தெரியப்போகுதே?"

புனிதமக்கா சிரித்தார். "அவர் துலைஞ்ச சாமானையே கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர். நான் ஒளிச்சு வச்சதைக் கண்டுபிடிக்கமாட்டாரோ?"

திருநாளன்று பூசை முடிய, கோயில் முற்றத்தில் வேம்பின் கீழ் ஏலம் தொடங்கியது. கூறுகிறவர் கோயில் மூப்பர் கிறகோரி. பூசணிக்காய், இரண்டு சேவல், ஒரு குலை கதலி எல்லாம் போன பிறகு ஜாம் போத்தல் அவருடைய கைக்கு வந்தது. உயர்த்திப் பிடித்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"புனிதம், இதென்ன?"

"அச்சலோட்டி."

"அச்சலோட்டி!" மூப்பர் சனத்தின் பக்கம் திரும்பினார். "நல்லாப் பாருங்கோ. நாலு கால் கிடக்கு, ஓடாது. செட்டை கிடக்கு, பறக்காது. பெரிய வாய் கிடக்கு, கதைக்காது. மனுசியிலும் திறம், கேளுங்கோ!"

"வீட்ட வாங்கோ, அந்த வாயோட கதைப்பம்" என்று பெண்கள் பக்கத்திலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. முற்றமே சிரித்தது.

"கறிக்கு உதவுமோ மூப்பர்?"

"உன்னைக் கறி வச்சாலும் இதை வைக்கேலாது. கேளுங்கோ, கேளுங்கோ."

கேட்டவர் சுதாகரன். சந்தியில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவர். சைவ சமயக்காரர், ஆனாலும் ஒவ்வொரு வருடமும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வருவார். கண்ணாடிப் பெட்டிக்குள் தங்கமீன் விட்டு, கலர் லைற் போட்டுக் கடை வாசலில் வைத்திருக்கிறவர். வேறு இரண்டு பேர் விளையாட்டுக்குக் கேட்டுப் பார்த்து விலகினார்கள். றஞ்சனி தன் இரண்டு கைகளையும் மடிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் புனிதமக்கா செபமாலை மணியை உருட்டியபடி குனிந்திருந்தார். ஒரே மணியைத்தான் திரும்பத் திரும்ப உருட்டுகிறார் என்பதை றஞ்சனி கண்டாள்.

"ஒருதரம், ரெண்டுதரம்... சுதாகரனுக்கு!"

சிவப்பு நூல் கட்டின போத்தல் ஒரு மோட்டார்சைக்கிளின் கூடைக்குள் ஏறிப் போனது.

மறுநாள் காலை ஐஸ்வாடியில் புனிதமக்கா கூடுதலாக ஒரு போத்தல் நிரப்பினார். றஞ்சனி ஸ்கூட்டியை எடுத்தாள். அவர் பின்னால் ஏறிக்கொண்டார். சந்தியில் கடைக்கு நேர் எதிரே, றோட்டின் மற்றப் பக்கம், பூவரசின் கீழ் இறங்கிக்கொண்டார்.

"நீ போ. நான் இஞ்ச நிக்கிறன்."

கடை வாசலில் பச்சையும் சிவப்புமாக லைற் எரிந்தது. பொன் குஞ்சு பெட்டியின் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது. தங்கமீன் ஒன்று அதன் இறகைக் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது.

"உங்கட அக்கா ஏன் அங்க நிண்டு முறைக்கிறா?" என்றார் சுதாகரன், றொட்டிக்கு மாவைத் தட்டியபடி. "உள்ள வரச்சொல்லுங்கோ. தேத்தண்ணி குடிக்கட்டும்."

"வரமாட்டா. குடுத்த சாமானுக்குக் கிட்ட வரக்கூடாதாம்."

அப்போது றோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "தம்பி! அந்த லைற்றை நூருங்கோ!"

"லைற் நூர்த்தால் சனம் எப்பிடியக்கா பாக்கிறது?"

ஒரு லொறி இடையில் போனது. அது போய் முடியும்வரை பொறுத்திருந்து, "உங்கட கண்ணுக்குள்ள ஆரும் பொழுதண்டும் ரோச் லைற் அடிச்சால் எப்பிடியிருக்கும்?" என்றார்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சுதாகரனும் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் லைற்றை அணைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த நாள் தங்கமீன் வேறு பெட்டிக்குப் போனது. அதற்கடுத்த நாள் கண்ணாடிப் பெட்டி நிழல் மூலைக்கு நகர்ந்தது. எல்லாம் றோட்டின் மறுகரையிலிருந்து வந்த கட்டளைகள். ஐஸ் போத்தல் வைக்கிற வேலை மட்டும் அவரால் ஏலவில்லை. "காலைச் சாப்பாட்டு நேரம் எனக்குத் தலை நிமிர்த்த நேரமில்லையக்கா. மறந்துபோடுவன். நீங்களே வையுங்கோ" என்று றஞ்சனியிடம் சொல்லிவிட்டார். ஒருநாள் றஞ்சனிக்குக் காய்ச்சல். அவள் போகவில்லை, அவர் மறந்துவிட்டார். மறுநாள் போனபோது குஞ்சின் இறகுகள் வெளிறிச் சுருண்டு, அது தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. போத்தலை விட்டு, நெடுநேரம் பக்கத்திலேயே நின்றாள். எதிரே பூவரசின் கீழ் நின்றவர் கேட்கவேயில்லை. இவள் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிய பிறகுதான் மரத்தில் சாய்ந்தார்.

இப்படியே ஆடி போய் ஆவணி வந்தது. மற்றக் குஞ்சுகள் பெரிதாகி, ஈரத்துணி சுற்றின பெட்டிகளில் வவுனியாவுக்குப் பஸ் ஏறின. கோப்பைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கறுப்பி சாடியின் அடியில் அசையாமல் கிடந்தது. சந்திக்குப் போகிற வேலை மட்டும் நிற்கவில்லை.

பிறகு றஞ்சனி போக வேண்டி வந்தது. வவுனியாவில் கட்டிக்கொடுத்த மகள் கௌசலாவுக்குப் பிள்ளைப்பேறு. தாய் கூட நிற்க வேண்டும். எப்போது திரும்புவாள் என்று சொல்லேலாது. ஐஸ்வாடியைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர் மூப்பர் கிறகோரிதான், வேறு யாருமில்லை. அவர் ஐஸ் உடைத்துக் கொடுப்பார். ஆனால் ஏலத்தில் கூறிக் கொடுத்த சாமானுக்கு ஐஸ் கொண்டுபோய் வையுங்கோ என்று அவரிடம் எந்த வாயால் கேட்பது? நேர்த்தி முறையைப் பற்றி ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவர். றஞ்சனி துணி மடிக்கும்போதும் அதையே யோசித்தாள், சமைக்கும்போதும் அதையே யோசித்தாள். புனிதமக்காவிடம் அதைப்பற்றிக் கதை எடுத்தால், "நீ பிள்ளையின்ர அலுவலைப் பார்" என்று மாற்றிவிடுவார்.

போன கிழமை, விடியப் புறப்படுகிற பஸ்ஸுக்கு அவள் றோட்டில் நின்றபோது புனிதமக்கா வந்தார். பூசை முக்காடு தலையிலேயே இருந்தது. ஒரு கையில் கௌசலாவுக்குப் பேறுகாலச் சரக்குத் தூள் கட்டின பை. மற்றக் கையில், ஈரத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு ஐஸ் போத்தல்.

"அந்தப் போத்தல் ஆருக்கக்கா?"

"சுதாகரன்ர கடைக்கு."

"ஆர் கொண்டுபோறது?"

"நான்தான்."

"உள்ளுக்கோ?"

"உள்ளுக்குத்தான். றோட்டில நிண்டு எறியேலுமோ?"

றஞ்சனி அவருடைய முகத்தைப் பார்த்தாள். பெரிய வெள்ளி முழுக்க ஒருசந்தி கிடந்த மனிசி. சின்னக் குஞ்சை மாற்றிக் கொடுக்கச் சொன்னபோது சம்மதிக்காதவர். பஸ் வளைவில் திரும்பி ஹோன் அடித்தது. நடத்துநர் இறங்கி, "ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று அவளுடைய பையைப் பறித்தார். அவள் படியில் ஏறி, யன்னலோரம் இடம் பிடித்து, வெளியே தலையை நீட்டினாள்.

"நேத்தி அக்கா? மூப்பர் கண்டால்?"

புனிதமக்கா சரக்குப் பையை யன்னலால் அவளுடைய மடிக்குள் தள்ளினார். போத்தலிலிருந்து சொட்டிய தண்ணீர் அவருடைய முழங்கைவரை ஓடியது. பஸ் நகரத் தொடங்க, அதோடு கூடவே நாலடி நடந்தார்.

"மூப்பருக்கு விளங்காது பிள்ளை. அந்தோனியாருக்கு விளங்கும். அவரும் மற்றாளின்ர பிள்ளையைத்தானே கையில வச்சுக்கொண்டு நிக்கிறார்."